மாம்பூவுக்கு அறுபது நாள் காவல்

பூச்சிமருந்து டப்பாவோடு வரும் துண்டுச் சீட்டைப் பிரித்தால், தேனீக்கள் நடமாடும் நேரத்தில் தெளிக்க வேண்டாம் என்ற வரி பல மருந்துகளில் பொடி எழுத்தில் இருக்கும். மகரந்தம் சேர்க்கும் உயிர்களைக் காக்க நம் நாட்டில் உள்ள ஏற்பாடு ஏறக்குறைய அந்த வரியோடு நின்றுவிடுகிறது. மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் கடைக்காரர்; அடிப்பவர் டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருபவர்; தோட்டத்துக்காரர் இருவருக்கும் நடுவில் நிற்கிறார். இந்த மூவரில் யார் அந்தச் சீட்டைப் படித்து நடக்க வேண்டும்? நடக்காவிட்டால் கேட்க வருபவர் யார்? கேட்க ஆளில்லாத எச்சரிக்கை, தயாரித்த நிறுவனத்தை வழக்கிலிருந்து காப்பாற்றலாம், தேனீயைக் காப்பாற்றாது. எந்த மருந்தை, எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில் அடிக்கக் கூடாது என்பதை அரசே ஆணையாகச் சொல்ல வேண்டும். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதும் இல்லை.

நேரம் பார்த்து அடித்தால் போதும் என்ற அறிவுரை, மேலே பட்டால் கொல்லும் பழைய மருந்துகளுக்கு ஓரளவு பொருந்தும். 1990-களில் சந்தைக்கு வந்த இமிடாகுளோபிரிட், அதன் பின்னால் வந்த தயாமீதாக்சம், குளோதியானிடின் ஆகிய நியோனிகோட்டினாய்டு வகை மருந்துகளுக்குப் பொருந்தாது. இவை விதையில் பூசினாலும் இலையில் தெளித்தாலும் செடியின் சாற்றில் கலந்து, பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்து சேரக்கூடியவை. 2008-ல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில், குளோதியானிடின் பூசிய மக்காச்சோள விதைகளிலிருந்து விதைப்பின்போது பறந்த தூசி 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்களைப் பாதித்தது. தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்ததால் அந்த அரசு உடனே அந்த மருந்தின் அனுமதியை நிறுத்திவைத்தது. சாகாமல் தடுமாறும் தேனீயோ யார் கண்ணிலும் படுவதில்லை. தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய சில்லு ஒட்டி பிரான்சில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, தயாமீதாக்சம் சிறிதளவு உண்ட தேனீக்களில் கணிசமானவை கூடு திரும்பவில்லை என்று 2012-ல் காட்டியது. அதே ஆண்டு பிரிட்டனில், வயலில் கிடைக்கக்கூடிய அளவு இமிடாகுளோபிரிட் கொடுக்கப்பட்ட பம்பிள் தேனீக் கூடுகளில் புதிய ராணிகளின் எண்ணிக்கை 85% சரிந்தது. அந்தக் கூடுகளில் பிணக்குவியல் எதுவும் இல்லை. அடுத்த தலைமுறையைத் தொடங்க ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வுகளுக்கு மறுப்பும் உண்டு. 2015-ல் வெளியான சுவீடன் ஆய்வில், குளோதியானிடின் பூசிய கடுகின வயல்களின் அருகே வளர்ப்புத் தேனீக் கூட்டங்களுக்குப் பெரிய பாதிப்பு தெரியவில்லை. பிரிட்டன், ஜெர்மனி, ஹங்கேரி மூன்றிலும் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், மற்ற இரு நாடுகளிலும் கண்ட தீங்கு ஜெர்மனியில் தென்படவில்லை. மருந்து நிறுவனங்கள் இவற்றை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. ஆனால் அந்தச் சுவீடன் ஆய்வின் மறுபாதியைப் படிக்க வேண்டும்: அதே வயல்களில் காட்டுத் தேனீக்கள் குறைந்தன, பம்பிள் கூடுகள் வளராமல் நின்றன. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் உள்ள பெட்டி, சில நூறு போனாலும் ஈடுகட்டிவிடும். தனித்து வாழும் தேனீயில் ஒரு பெண்ணே முழுக் குடும்பம். அது வழி தவறினால் அந்தக் கூடு முடிந்தது.

மருந்துப் பதிவுக்காகக் கேட்கப்படும் தேனீ நச்சுச் சோதனையோ கூட்டமாக வாழும் வளர்ப்புத் தேனீயை வைத்தே நடப்பது. நம் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் வேறு பலர். கத்தரிப்பூவின் மகரந்தப்பையில் நுனித்துளை மட்டுமே உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்த தேனீக்களே அதற்குச் சரிப்படும், பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கைக்கு மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருந்தேனீ முக்கியம். மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்களே பெரும்பாலும் உதவுகின்றன. ஈக்களுக்காக யார் வாதாடுவார்கள்? காய்த்துளைப்பானுக்காகக் கத்தரியிலும், தத்துப்பூச்சிக்காகப் பூக்கும் பருவத்திலேயே மாவிலும் மருந்து சரமாரியாக விழுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தடை போட்டால் விளைச்சல் விழும் என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் மேற்சொன்ன மூன்று மருந்துகளையும் 2013-ல் தேனீக்கள் நாடும் பயிர்களில் கட்டுப்படுத்தி, 2018-ல் திறந்த வயலில் முழுவதுமாகத் தடுத்தது. 2020-ல் பிரான்சின் சர்க்கரைக் கிழங்கு வயல்களில் அசுவினி பரப்பிய மஞ்சள் நோயால் விளைச்சல் ஏறத்தாழ 30% சரிந்தது. அந்த அரசு விதிவிலக்குத் தந்து பின்வாங்கியது. அந்த விதிவிலக்குக்கும் 2023-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு முற்றுப்புள்ளி வைத்தது. மாற்று வழியை ஆயத்தம் செய்யாமல் தடை போட்டால் உழவர்தான் அடிபடுவார் என்பது இதிலுள்ள பாடம். ஆனால் தேவைக்கு அடிப்பது வேறு, பூச்சி வருமுன்னே வழக்கத்துக்கு அடிப்பது வேறு. இமிடாகுளோபிரிட்டை ஓயாமல் அடித்ததால் நெல்லின் புகையான் அதற்குப் பழகிப்போனது ஆசியா முழுக்கக் கண்ட கதை. பொருளாதார சேத நிலையைத் தாண்டினால்தான் மருந்து என்று வேளாண் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாகச் சொல்வதற்குச் சட்ட வலு கொடுத்தால், உழவரின் மருந்துச் செலவும் குறையும். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. எல்லாப் பயிருக்கும் ஒரே விதி எழுதவும் வேண்டாம்.

தேனீக்களை அழித்தது நோய்தான், மருந்தல்ல என்பது இன்னொரு வாதம். 1991-ல் தொடங்கிய தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது உண்மை. மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்போர் அந்த அடியை நன்கறிவார்கள். வைரஸைத் தடுக்க எந்த அரசாணையாலும் முடியாது. மருந்தைத் தடுக்க முடியும். இரண்டில் கைக்கெட்டியதைச் செய்யாமலிருக்க மற்றதைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஒன்றைத் தடுத்தால் அதைவிடக் கொடிய பழைய மருந்துக்கு உழவர் போய்விடுவார் என்ற கவலையில் பொருள் இருக்கிறது. அதனால்தான் மருந்தின் பெயரைவிடப் பயிரின் பருவத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறேன்: பூ விரிந்திருக்கும்போது தேனீக்கு நஞ்சான எதுவும் கூடாது.

நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது; அங்கே வேகம் தெரிந்ததே. 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடுக்க வரைவு ஆணை வந்தது. பலவற்றுக்குத் தேனீ நச்சும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் முழுத் தடைக்குள் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-வது பிரிவு, மனிதருக்கோ விலங்குக்கோ ஆபத்து என்று கருதினால், குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட அளவுக்கு, விசாரணை முடியும்வரை 60 நாள் தடை விதிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கும் தருகிறது. மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். மனிதருக்குப் பயன்படும் விலங்குகள் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. அந்த விளக்கத்துக்குத் தேனீயைவிடப் பொருத்தமான உயிர் எது? பாஸ்மதி ஏற்றுமதிக்காகப் பஞ்சாபும், தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகள் மீது தமிழ்நாடும் இந்தப் பிரிவைப் பயன்படுத்தியிருக்கின்றன. 60 நாள் மிகக் குறைவு என்பது வழக்கமான குறை. பூப்பருவத்துக்கு அது போதும்.

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் தொடங்கலாம். பூ விரிந்தபின் நியோனிகோட்டினாய்டு உள்ளிட்ட, தேனீக்கு நஞ்சான மருந்துகளைத் தெளிப்பதை அந்த மாவட்டத்தில் 60 நாள் தடுத்து, தத்துப்பூச்சி பெருகும் அடர்ந்த நிழலைக் குறைக்கக் கவாத்துக்கு உதவி தந்து, காய்ப்பையும் பூச்சித் தாக்குதலையும் வந்துபோகும் ஈ, தேனீக்களையும் எண்ணும் வேலையை வேளாண் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கட்டும். சட்டம் கேட்கும் விசாரணையும் அதுவே ஆகிவிடும். மகசூல் குறைந்தவர்களுக்கு இழப்பீட்டை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் திட்டம் முதல் பருவத்தைக்கூடத் தாண்டாது. அடுத்த மாம்பூ விரியும் முன் வேளாண் துறை இதற்கான அறிவிக்கையை வெளியிட வேண்டும்.