பந்தயக் காளையும் தாய்ப்பலகையும்

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், நடக்கவிட்டும் பார்ப்பர். ரேக்ளா பந்தயத்திற்குக் காளை தேடுவோர்க்கோ 200, 300 மீட்டரில் அது காட்டும் பாய்ச்சலே பொருட்டு. உழவுக்கு ஒரு சோதனை, பந்தயத்திற்கு வேறு சோதனை என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். கணிப்பொறி வாங்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

மாணவர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். விளையாட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட விலையுயர்ந்த மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை, ஒன்றை வாங்க விரும்பினார். தமிழாசிரியனிடம் இதற்கென்ன வேலை என்று நீங்கள் நகைக்கலாம். தேங்காய் விற்ற பணத்தைத் தரத் தந்தையார் தயங்குகிறாராம். நான் பரிந்து பேச வேண்டுமாம்! சான்றாகச் சோதனை அட்டவணை ஒன்றையும் காட்டினார். அந்தப் பலகை அதில் முதலிடம் பெற்றிருந்தது.

செயலியை அதற்கு வரையறுத்த வேகத்திற்கும் மேலாக ஓட்டுவதையே ஓவர்கிளாக்கிங் என்பர். 1998இல் வந்த செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்றது. பலகையின் அடிப்படை அதிர்வை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினால், 300இல் ஓட வேண்டிய செயலி 450இல் ஓடிற்று. அன்று அது எளியோர்க்குக் கிட்டிய நன்மை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வேகத்திற்கு விலை உண்டு. அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு வீதம் கூட்டினால், செயலி இயங்கச் செலவாகும் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். அத்தனையும் வெப்பமே. 12 வோல்ட்டைச் செயலிக்கேற்ப ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தரும் பலகையின் உறுப்புகளும் சேர்ந்து சுடும். நல்ல பலகையின் தகுதி இங்கேதான் புலப்படும். ஒரே செயலியை இரு நல்ல பலகைகளில் இயல்பு நிலையில் பொருத்தினால், விளையாட்டின் வேகத்தில் பெரிய வேறுபாடு தோன்றாது. அப்படியிருக்க, அட்டவணையில் ஒன்று முந்துவது எவ்வாறு?

2024ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு விடை கூறும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் விளையாட்டுகள் நடுவிலேயே நின்றன. அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கோரிய தன் செயலியின் உள்நிரலையே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பலகைகள் சிலவற்றின் மின்வழங்கல் அமைப்புகள் தன் பரிந்துரையை மீறியிருந்ததையும் அது சுட்டிக்காட்டிற்று. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. வாங்கியவர் கைவைக்காமலே பலகை வரம்பை மீறியது. அட்டவணையில் முந்தும் வேட்கையே அதற்குத் தூண்டுகோல் என்பேன். சில மணி நேரச் சோதனையில் அப்பலகைகள் வென்றன. சில மாதங்களில் செயலிகள் தளர்ந்தன.

ஆய்வாளர் பலர் பலகையை மேசைமேல் திறந்துவைத்தே சோதிக்கின்றனர். நம் வீடுகளிலோ அது மூடிய பெட்டிக்குள் சித்திரை வெயிலையும் தென்னைநார்த் தூசியையும் தாங்க வேண்டும். பகா எண்களைத் தேடப் பிறந்த பிரைம்95 போன்ற மென்பொருளைப் பல மணி நேரம் ஓட்டி, வெப்பத்தைக் குறித்து, பிழையின்றி நிற்கிறதா என்று பார்ப்பதே நமக்கு உகந்த சோதனை.

தந்தையாரிடம் பேசினேன். நடுத்தர விலைப் பலகையும், மிச்சப்பட்ட பணத்தில் நல்ல மின்வழங்கியும், காற்றோட்டமுள்ள பெட்டியும் வாங்க இசைந்தார். மாணவர்க்கு இன்னும் என்மேல் சிறிது வருத்தந்தான்.