கண்ணாடி இழையில் கரண்ட் வராது

மாண்புமிகு ஒன்றியத் தகவல்தொடர்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

செம்புக் கம்பித் தொலைபேசியைக் காப்பாற்றச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அதன் லட்சணம் எங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை பிடித்தால் காதில் கொரகொரப்பு. சாலை போட வந்தவர் பள்ளம் தோண்டினால் தெருவே ஊமை. லைன்மேன் வருவதற்குள் தை பிறந்துவிடும். ஃபைபரில் பேச்சு தெளிவாக இருக்கிறது, இணையமும் கூடவே கிடைக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கில் 2022 ஆகஸ்டில் வீட்டு போன் எண்ணிக்கையில் பிஎஸ்என்எல்லை ஃபைபரில் இணைப்பு தரும் ஜியோ முந்தியபோதே காற்று எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. மாறத்தான் வேண்டும். மாறும்போது எங்கள் வீட்டிலிருந்து ஒன்று சத்தமில்லாமல் போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் தங்களிடம் பேச வந்தேன்.

பழைய போனுக்கு நாங்கள் கரண்ட் கொடுத்ததே இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்த இரண்டு கம்பியிலேயே வந்துவிடும். அங்கே அடுக்கடுக்காக பேட்டரி, அதற்குத் துணையாக டீசல் ஜெனரேட்டர். ஊர் இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. ஆகவே சுவரில் மாட்டும் மோடத்துக்கு வீட்டு பிளக்கிலிருந்துதான் கரண்ட் தர வேண்டும். மின்சாரம் போன நொடியில் போனும் போய்விடும். எக்ஸ்சேஞ்ச் சுமந்த பொறுப்பு இப்படி வீட்டுக்காரர் தலைக்கு வந்துவிட்டது. வந்ததை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் கரண்ட் போவது அதிசயம் இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் பிற்பகலில்தான் வரும். எந்தெந்த ஊர் என்று நாளிதழிலேயே போட்டுவிடுவார்கள். இது சாதாரண நாள் கதை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் தவித்தார்கள். "செல்போன்தான் இருக்கிறதே" என்று தங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். செல்போன் கோபுரமும் பேட்டரியில்தான் தாக்குப்பிடிக்கிறது. அது தீர்ந்து, டீசல் வண்டியும் தண்ணீரைத் தாண்டிப் போக முடியாவிட்டால் சிக்னல் ஏது?

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் மோடத்தை அதில் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், கணவர் படத்துக்கு மாலை, தொடுதிரை கைக்கு வசப்படாததால் பெரிய எண் போட்ட மேசை போனையே நம்பியிருக்கும் பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இணைப்புத் தர வருபவர் உள்ளூர் கேபிள்காரர். பிளக் எங்கே என்று கேட்பார், மாட்டுவார், போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. இன்னொன்றும் உண்டு. பல ஊர்களில் தெரு முழுவதற்கும் ஒளியை அனுப்பும் ஓஎல்டி கருவி அவருடைய சின்ன அறையில்தான் இருக்கிறது. அங்கே பேட்டரி இல்லாவிட்டால், பாட்டி வீட்டில் எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தும் பயனில்லை.

பிரிட்டன் நமக்கு முன்னால் இந்த வழியில் நடந்து முள் குத்திக்கொண்டது. 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. 2022 மார்ச்சில் அங்குள்ள தொலைபேசி நிறுவனமான பிடி வீட்டு போன்களை மாற்றும் வேலையையே நிறுத்திவைத்தது. முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர அழைப்புப் பொத்தான்கள் புதிய இணைப்பில் சரியாக வேலை செய்யுமா என்ற கவலையும் சேர்ந்துகொள்ள, 2025 டிசம்பரில் முடியவிருந்த மாற்றம் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. வீட்டு போனை மட்டுமே நம்பியிருப்பவர், மின்சாரம் போன பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க நிறுவனங்கள் வழி செய்துதர வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்கிறது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். ஒரு மணி நேரம் அவர்களுக்குப் போதுமோ என்னவோ, நம் மாதாந்திர ஷட்டவுனுக்கே அது காணாது.

1885 தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அதன் கீழ் ஒரு விதி எழுதுங்கள். தனியாக வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, சிக்னல் எட்டாத மலைக்கிராமத்து வீடு, இவர்களுக்கு ஃபைபர் இணைப்போடு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இலவசமாகச் சேர்ந்து வரட்டும். கடையில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பொருள்தான். கிராமங்களுக்கு டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து கொடுக்கலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அந்தக் கணக்குக்குத்தானே போகிறது? கேபிள்காரர் அறைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு இருந்ததுபோல் பேட்டரிக் கணக்கு வேண்டும். மின்சாரம் போனால் போன் போகும் என்பதை இணைப்புப் படிவத்தில் தமிழில், கையெழுத்துக்கு மேலேயே அச்சிடச் சொல்லுங்கள்.

எத்தனை மணி நேர பேட்டரி என்று கேட்பீர்கள். அடுத்த ஷட்டவுன் அன்று ஏதாவது ஒரு தாலுகா ஊரில், காலை 11 மணிக்கு ஒருமுறை, பிற்பகல் 1 மணிக்கு ஒருமுறை, ஃபைபர் வீட்டு எண்கள் நூற்றுக்கு அதிகாரிகளை போன் போடச் சொல்லுங்கள். எத்தனை வீட்டில் மணி அடித்தது என்ற பட்டியலை வெளியிடுங்கள். விதியில் எழுத வேண்டிய எண் அதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு வீட்டு போன் சந்தாதாரர்