மேடை யாருடையது?

மங்களூர் வட்டாரத்தில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் தலைக்கட்டு வரி வசூலாவதை வாசகர்கள் நன்கு அறிவார்கள். அப்பணத்தில் ஓர் இரவு கூத்து, ஓர் இரவு சினிமாப் பாட்டுக் கச்சேரி, மீதி வாணவேடிக்கை. துரோபதை சபைக்கு இழுத்து வரப்படும்போது கண்ணீர் விடுகிற அதே ஆசாமி, விடிந்ததும் தன் கூடப்பிறந்தவள் சொத்தில் பங்கு கேட்டால் கையை ஓங்குகிறான். கூத்தாடுகிறவர்கள்மீது நாம் குறை சொல்லவில்லை. விடிய விடியத் தொண்டை கிழியப் பாடி வயிறு வளர்க்கிற உழைப்பாளிகள் அவர்கள். நாம் கேட்பது ஒன்றுதான்: செலவு நம்முடையது, மேடையில் நடப்பது யாருடைய கதை?

நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். ஆளுகிறவர்கள் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. வங்காளத்தின் சங்கதியைப் பாருங்கள். அவுரி பயிரிடச் சொல்லிக் குடியானவர்களை வதைத்த வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைப்பற்றித் தீனபந்து மித்ரா 1860ல் 'நீல தர்ப்பண்' என்ற நாடகத்தை எழுதினார். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்துக்காக ஜேம்ஸ் லாங் என்கிற பாதிரியாருக்கு 1861ல் ஒரு மாத ஜெயிலும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. 1872ல் கல்கத்தாவில் பொதுஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நாடகசாலை பிறந்தபோது, முதலில் மேடையேறியதும் அந்த நாடகமே. பிறகு 1876ல், வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்குள் அழைத்துச் சென்று உபசரித்த ஒரு வக்கீலை நாடகக்காரர்கள் கேலி செய்தார்கள். உடனே அவசரச் சட்டம். அவ்வருஷத்திலேயே நாடகத் தடைச் சட்டம்! பத்திரிகையைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். நாடகத்துக்குக் கண்ணும் காதும் போதும். துரைத்தனத்தாரின் பயத்துக்கு இதுவே காரணம்.

வெள்ளைக்காரன் போனான், பயம் போயிற்றா? 1946ல் நடந்த கப்பற்படைக் கலகத்தை உத்பல் தத் 1965ல் 'கல்லோல்' என்ற நாடகமாக்கினார். பெரிய பத்திரிகைகள் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தன. சர்க்கார் அவரை விசாரணையின்றிச் சிறையில் வைத்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? 'கல்லோல் நடக்கிறது, நடக்கும்' என்ற சுவரொட்டியைப் பார்த்துவிட்டு மினர்வா கொட்டகைக்குப் போய் டிக்கெட் வாங்கினார்கள். சட்டம் நாடகக்காரனைப் பிடிக்கலாம். பார்க்க வருகிறவன் உறுதியாய் நின்றால் நாடகத்தைப் பிடிக்க முடியாது.

நம் நாட்டுச் சங்கதியும் இதுவேதான். எம்.ஆர். ராதா இராமாயணத்தை நாடகமாய் ஆடிய 1954ஆம் வருஷத்திலேயே சென்னை சர்க்காரும் ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்து நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெள்ளைக்காரன் செய்த 1876ஆம் வருஷச் சட்டத்தைச் சுதந்திர இந்தியா ரத்து செய்தது 2018ல்! சுதந்திரம் வந்தும் எழுபது வருஷம் அந்த விலங்கைக் கழற்ற நமக்குக் கை வரவில்லை.

நிற்க. வங்காளத்தில் எல்லாம் யோக்கியமென்று நாம் சொல்லவரவில்லை. வினோதினி தாசி என்கிற மகா நடிகை, தன் வாழ்க்கையையே ஒரு பணக்காரரிடம் ஈடுவைத்து 1883ல் ஒரு நாடகசாலை எழும்பச் செய்தாள். அவள் பெயரை வைப்பதாகச் சொன்னவர்கள், 'தாசிகுலத்துப் பெண்ணின் பெயரை வைத்தால் கௌரவமுள்ளவர்கள் வரமாட்டார்கள்' என்று பயந்து 'ஸ்டார்' என்று பெயரிட்டார்கள். அவள் பக்தி வேஷம் போட்டால் கைகூப்பினார்கள். அவள் பெயர் மட்டும் தீட்டாம்! அக்கொட்டகையின் பெயரைத் தாங்கி நிற்கிற ஸ்டார் தியேட்டருக்கு வினோதினியின் பெயரை வைப்பதாக 2024 டிசம்பரில்தான் அறிவிப்பு வந்தது. 141 வருஷ வாக்குறுதி! ஆகவே, மேடையில் என்ன பேசுகிறோம் என்பதோடு, மேடைக்குப் பின்னால் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் கேள்வியே.

பணமில்லையே, கொட்டகையில்லையே என்பார்கள் சிலர். பாதல் சர்க்கார் என்றொரு வங்காளி; பெயரில்தான் சர்க்கார். திரை, விளக்கு, ஜோடனை, டிக்கெட் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பூங்காவிலும் கிராமத்திலும் ஜனங்களுக்கு நடுவே நாடகம் போட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். 1980ல் சென்னைக்கு வந்து நம் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். கூத்துக்காரர்கள் களத்துமேட்டில் எத்தனையோ தலைமுறையாய்ச் செய்துவருவதும் இதுதானே!

தோழர்களே! வருகிற திருவிழா வரியில் ஓர் இரவை மட்டும் கேளுங்கள். கடனில் அழிந்த குடியானவன், படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண், இரண்டு சுடுகாடு வைத்திருக்கும் ஊர், இவை கதையாகட்டும். பெண் வேஷத்தைப் பெண்ணே போடட்டும். காலனிக்காரரும் ஊர்க்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும். இதற்குச் சட்டம் இன்று குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது யார் என்பது வரி கேட்கப் போகிற அன்றைக்கே தெரிந்துவிடும்.