குளிரும் இல்லை, வாதமும் இல்லை: அது வேலை தந்த வருத்தம்

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் கை மரத்துப்போனால் எங்கள் கந்தப்பளையில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன: குளிர், வாதம், வயசு. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான். இரண்டு பனடோல், கொஞ்சம் தைலம், விடிந்தால் மலைக்கு.

குளிர் என்றால் ஐந்து விரலும் மரக்க வேண்டுமே? பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மட்டும் மரத்து, சுண்டுவிரல் எப்படித் தப்புகிறது? நடுச்சாமத்தில் எழும்பிக் கையை ஏன் உதறுகிறார்கள்?

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போகின்றன. நாள் முழுக்கக் கிள்ளிக் கிள்ளித் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தால் உள்ளே இடம் போதாது. நசுங்குவது நரம்பு. இதுதான் கார்பல் டனல். பெருவிரலின் அடியில், மணிக்கட்டோரம் வரும் வலி வேறு. அது சுரங்கத்துக்கு வெளியே உள்ள தசைநாண்களின் வருத்தம். ஆனால் கை அதே கை, வேலையும் அதே வேலை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன.

"சீனி, தைரொயிட் இருந்தாலும் வருமே" என்பார்கள். வரும். அது சோதித்துப் பார்ப்பதற்கான காரணம்; வேலையைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கான காரணம் அல்ல. "எங்கள் பாட்டிமாரும் கிள்ளினார்களே" என்பார்கள். அவர்கள் கை மரத்ததா என்று அன்று யார் கேட்டது?

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்தது. அது தேவையான போராட்டம். ஆனால் கிலோ குறைந்தால் அரைப் பேர் என்ற கணக்குதான் வலிக்கிற கையையும் நிறுத்தவிடாமல் ஓட்டுகிறது. தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் கையையும் வையுங்கள். கை வருத்தம் உள்ளவருக்குச் சில வாரம் இலேசான வேலை, அதற்கு முழுப் பேர். இதைக் கேட்பது பேராசையா?

வியர்வை காயுமுன் கூலி கொடுக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். வியர்த்த கையைக் கைவிட்டுவிட்டுக் கூலியை மட்டும் எண்ணிக் கொடுப்பது நீதியாகாது.

பிள்ளைகளே, இதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு இரவில் விரல் மரத்தால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஆரம்பத்தில் பலருக்கு இரவில் மணிக்கட்டுப் பட்டி கட்டினாலே குறையும். பெருவிரலின் அடிச்சதை வற்றும்வரை விட்டால், சத்திரசிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.