பாத்திரத்துக்கும் பதம் உண்டு

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சென்ற வாரம் ஒரே அமர்க்களம். புதிதாக வந்த மாட்டுப்பெண் வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுச் செல்போனை எடுக்கப் போனாள். திரும்பி வந்தால், சொம்புக்கு அடிப்பாகத்தையே காணோம்! மாமியாரின் தாயார் சீராகக் கொடுத்த சொம்பு அது. மாமி மூன்று நாள் பேசவில்லை.

பெண் பேரில் குற்றம் சொல்லுமுன் விஷயத்தைக் கேளுங்கள். ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை பயமில்லை. கொதிக்கும் ரசம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பையும் மீறவிடாது. ரசம் இல்லையேல் காவலும் இல்லை.

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு பதம் உண்டு. பித்தளைத் தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொள்ளும். பிடிவாதமாகத் தட்டினால் விரிசல்தான். ஆகவே கன்னார் அதை நெருப்பில் காய்ச்சி, இளகவைத்து, மறுபடி தட்டுவார்.

இரண்டு உலோகங்கள் ஒன்றுசேரும்போதுதான் சங்கடம். தி. நகர் கடைகளில் 'டிரை-ப்ளை' வாணலி பார்த்திருப்பீர்கள். உள்ளும் புறமும் எவர்சில்வர்; நடுவே அலுமினியம். சூட்டைப் பரப்புவதில் அலுமினியம் எவர்சில்வரைவிட 10 மடங்குக்கும் மேல் கெட்டி. அதனால் அடி பிடிப்பது குறையும். ஆனால் எவர்சில்வரை இளகவைக்கச் சுமார் 1,050 டிகிரி வேண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிப் போகும்!

ஆகவே எவர்சில்வர் தகட்டை முன்னதாகவே தனியே காய்ச்சிப் பதப்படுத்திவிடுகிறார்கள். பிறகு மூன்று தகடுகளையும் மிதமாகச் சூடேற்றி, உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். அப்புறம் வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தினால் வாணலி தயார். ஒட்டியபின் அளவுமீறிச் சுட்டால் இடையில் நொறுங்கும் படலம் உண்டாகி, ஒட்டுப் பலவீனப்பட்டுவிடும்.

வீட்டிலும் அதே நியாயந்தான். வெறும் வாணலியைப் பெருந்தீயில் மறந்துவிடாதீர்கள். சுடச்சுடக் குழாயடியில் காட்டாதீர்கள். அலுமினியம் எவர்சில்வரைவிட அதிகமாக விரியும், சுருங்கும். திடீரென்று குளிர்ந்தால் அடி கோணிக்கொள்ளும்.

மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்று யோசித்தவர், "அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவே இல்லையே!" என்றார். மறுநாள் மாட்டுப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு மாட வீதிக்குப் போய்ப் புதுச் சொம்பு வாங்கி வந்தார். வீட்டில் முதல் பாடமும் நடந்தது: "முதலில் புளித் தண்ணீர், அப்புறம் அடுப்பு!"