நீலக் கடலின் பஞ்சம்

கப்பல் யாத்திரை செய்து திரும்பும் நண்பர்கள், நடுக் கடலின் நீல நிறத்தைப் பற்றி நாள் முழுதும் வர்ணிப்பதுண்டு. அந்த நீலம் வறுமையின் நிறம் என்று சொன்னால் அவர்கள் நம் மீது கோபங்கொள்ளக்கூடும். ஆயினும் விஷயம் அதுதான்.

கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பாசிகளே அப்பயிர். பூமியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி இவற்றினுடையது. மீன் குலமெல்லாம் கடைசியில் இவற்றை நம்பியே பிழைக்கிறது.

ஆனால் கடல் நீர் வெளிச்சத்தைக் குடித்துவிடும் சுபாவமுடையது. சிவப்புக் கிரணங்கள் மேலே சில பாக ஆழத்திற்குள்ளாகவே பெரும்பாலும் மறைகின்றன. நீலக் கிரணமே நெடுந்தூரம் இறங்குகிறது. மிகத் தெளிந்த கடலிலுங்கூட, 600 அடி ஆழத்தில் மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு எஞ்சினால் அதிகம். 1865-இல் அஞ்செலோ ஸெக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். அவரோ வான சாஸ்திரி! அந்த எளிய தட்டை ஆராய்ச்சியாளர் இன்றும் கைவிடவில்லை.

நடுப்பகல் வெயிலின் உக்கிரத்தைப் பாசியாலும் தாங்க முடிவதில்லை. ஆகவே சற்றுக் கீழே இறங்கிய இடத்தில்தான் அதற்குச் சுகம். இன்னும் இறங்கினால், ஓர் ஆழத்தில் அதன் வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. அதற்கும் கீழே கடன் வாழ்க்கைதான்.

வெளிச்சம் மட்டும் இருந்தால் போதுமா? எரு வேண்டாமா? மடிந்த உயிர்களெல்லாம் அடியில் அமிழ்ந்து அங்கேயே மட்கிப் போகின்றன. வெளிச்சம் மேலே, எரு கீழே! இவ்விரண்டையும் சேர்த்து வைப்பது காற்று. தென்மேற்குப் பருவக் காற்று வீசுகையில், ஸோமாலியா, ஓமான் கரைகளை ஒட்டிக் குளிர்ந்த அடிநீர் மேலெழும்புகிறது. அரபிக் கடல் பச்சை பூக்கிறது. கேரளக் கரையில் மத்தி மீன் திரள்வதற்கும் இத்தகைய எழுச்சி துணை செய்கிறது.

நமது வங்காள விரிகுடாவின் நிலை வேறு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் இலேசானது. உப்பு நீரின் மீது மூடி போட்டாற்போல் பரவி நிற்கிறது. காற்று எவ்வளவு முயன்றாலும் அந்த மூடியைக் கிளறி அடியிலுள்ள எருவை வாரியெடுப்பது எளிதன்று. நதிகள் கொணரும் வண்டலோ கரையோரத்தில் வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஆகையால் அரபிக் கடலைக் காட்டிலும் நம் கடலில் விளைச்சல் குறைவு.

இப்போது சமுத்திரத்தின் மேற்பரப்பு சூடேறி வருகிறது. சூடேறிய நீரும் இலேசானதே. மூடி இன்னும் இறுகுமானால், வலையை இழுத்துப் பார்க்கும் மீனவருக்குத்தான் அது முதலில் தெரியும்.