ஜிக் வைத்தால் கேவலமா?



பெல்ட் கிரைண்டரில் ஜிக் மாட்டிக் கத்தி தீட்டிய பையனைப் பார்த்து, "கைத்திறமை இல்லாதவனுக்குத்தான் அதெல்லாம்" என்று நேற்று இரண்டு பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இரட்டைக் கோடு நோட்டில் எழுதிப் பழகியவர்கள்தானே நாம்? அது கேவலமா?

சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு வேண்டும். பழகாத கையில் ஒவ்வொரு இழுப்புக்கும் சாய்வு மாறும், கத்தி வாய் உருண்டுவிடும். அதைச் சரிசெய்ய அடுத்த முறை இன்னும் அதிகமாகத் தேய்க்க வேண்டும். கத்தியின் ஆயுள்தான் குறையும். ஜிக் அந்தச் சாய்வை மாறாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

சாணைக்காரரை நான் குறை சொல்லவில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் சாணை மிதித்தவருக்குக் கையே ஜிக். நமக்கு அந்தக் கை ஏது?

ஜிக் மாட்டுகிறவர்களுக்கும் ஒரு குட்டு. அது சாய்வைக் காக்கும், சூட்டைக் காக்காது. கத்தி வாய் நீலமாகிவிட்டால் சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸ் ஏறிவிட்டது என்று அர்த்தம், பதம் போச்சு. என் அம்மாவின் கத்தி அப்படித்தான் வீணானது. அழுத்தாதீர்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள்.

ரிக் வண்டி கட்டுகிற ஊர் நம்ம திருச்செங்கோடு. அளவு வைக்காமல் ஒரு துளையாவது போடுவோமா? கத்திக்கு மட்டும் ஏன் இந்த வீராப்பு?